பிஎஸ்5 ஸ்லிம் டிஸ்க் மாடல்ல படம் பார்க்கறது: முதல் மூணு நாள், நாலஞ்சு சிக்கல்

மூடுபனி_கோத்தகிரி (கேள்வி)

பிஎஸ்5 ஸ்லிம் (சோனி பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோலோட சின்ன மாடல்), டிஸ்க் டிரைவ் உள்ளது. 55 இஞ்ச் 4கே எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சுல காட்டற) எல்இடி டிவி, அட்மாஸ் (தலைக்கு மேல இருந்தும் ஒலி வர்ற டால்பி முறை) சவுண்ட்பார் ஒண்ணு. சவுண்ட்பார் டிவியோட ஏஆர்சி போர்ட்ல (டிவி சத்தத்தை வெளிய அனுப்பற எச்டிஎம்ஐ) இருக்கு. கேம் பத்திக் கேள்வி இல்லைங்க, அது பாட்டுக்கு ஓடுது. இங்க நீலகிரி மலையில, கோத்தகிரியில, நெட் 10 எம்பிபிஎஸ் தாண்டறதே அபூர்வம், அதனால டிஸ்க்ல படம் பார்க்கறதுதான் வாங்கினதுக்குப் பாதிக் காரணம்.

நல்லதைச் சொல்லிடறேன். 4கே புளூ-ரே படம் அபாரம். ஓடிடி-ல இருட்டுக் காட்சி வந்தா கட்டம் கட்டமா திட்டு தெரியும், இதுல அது சுத்தமா இல்லை. டிஸ்க்கை உள்ள தள்ளினதும் கொஞ்ச நேரம் உறுமுது, அப்புறம் பக்கத்துல உட்கார்ந்தாலும் கேட்கலை.

இனி தொல்லைகள். டிவிடி, சாதா புளூ-ரே போட்டா நிறம் வெளுத்து, சாம்பல் பூசின மாதிரி இருக்கு. சவுண்ட்பார்ல அட்மாஸ்னு எழுத்தே வர மாட்டேங்குது, வெறும் பிசிஎம்னு (சாதா ஒலி) காட்டுது. ஓடிடி-ல கேமரா பக்கவாட்டுல நகர்ற காட்சியெல்லாம் தத்தித் தத்திப் போகுது, டிஸ்க்ல அப்படி இல்லை. வீட்ல இருக்கற விசிடி எதையுமே எடுக்க மாட்டேங்குது. பென்டிரைவ்ல இருக்கற படத்துக்கும் வழி தெரியலை. பத்து நிமிஷம் தொடலைன்னா கன்ட்ரோலர் அணைஞ்சிடுது.

கூடவே ரெண்டு கேள்வி. காலையில டிரைவ் சில சமயம் டிஸ்க்கைப் படிக்க முடியலைங்குது, மத்தியானம் அதே டிஸ்க் ஓடுது. பழுதா, குளிரா? கரண்ட் போய்ப் போய் வர்றதுக்கு ஸ்டெபிலைசர் போதுமா?


தொட்டபெட்டா_2637

வெளுத்துப் போறதுல இருந்து ஆரம்பிக்கலாம். செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் போய் எச்டிஆர் என்ன நிலையில இருக்குன்னு பாருங்க. 'ஆல்வேஸ் ஆன்'னு இருக்கும். அப்படி இருந்தா எஸ்டிஆர்ல (எச்டிஆர் இல்லாத சாதா வீச்சு) எடுத்த டிவிடியையும் கன்சோல் எச்டிஆர் சிக்னலுக்குள்ள அடைச்சு அனுப்பும். டிவியும் எச்டிஆர்னு நம்பி வேற கணக்குல நிறம் காட்டும். 'ஆன் வென் சப்போர்ட்டட்'னு மாத்துங்க. அதுக்கப்புறம் எச்டிஆர் படத்துக்கு மட்டும்தான் டிவி எச்டிஆருக்குப் போகும். மாறும்போது திரை ஒண்ணு ரெண்டு செகண்ட் கறுப்பாகும், பயப்பட வேண்டாம்.

அதுக்கப்புறமும் கறுப்பு சாம்பலாத் தெரிஞ்சா அதே பக்கத்துல ஆர்ஜிபி ரேஞ்ச் (கறுப்பு முதல் வெள்ளை வரைக்குமான அளவு) 'ஆட்டோமேட்டிக்'ல இருக்கான்னு பாருங்க. கன்சோல் 'லிமிடெட்'ல அனுப்பி டிவி 'ஃபுல்'னு எடுத்துக்கிட்டா வெளுக்கும். தலைகீழா இருந்தா இருட்டுல விவரமே தெரியாது, கறுப்புச் சட்டைக்காரன் தலை மட்டும் மிதக்கும்.

டிவி பக்கமும் ஒரு வேலை இருக்கு. அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு முழு வேகத்தைத் திறந்து விடணும். சாம்சங்ல 'இன்புட் சிக்னல் பிளஸ்', சோனியில 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்'டுக்குள்ள 'என்ஹான்ஸ்டு', எல்ஜியில 'டீப் கலர்'. பெட்டியில வந்த கேபிளையே போடுங்க. பழைய செட்டாப் பாக்ஸ் கேபிள்ல 4கே எச்டிஆர் வந்தாலும் நடுநடுவே படம் சிமிட்டும்.

பிஎஸ்5 போட்டதும் பல டிவி தானா கேம் மோடுக்குப் போயிடும். படம் பார்க்கறப்ப பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்'னு நீங்களே மாத்திக்கணும். 'அட்ஜஸ்ட் எச்டிஆர்'னு கன்சோல்ல ஒரு அளவீடு வருதே, அது கேமுக்கு. டிஸ்க் படத்துக்கு அதைத் திருகி மெனக்கெட வேண்டாம்.

பிஎஸ்5-க்கு டால்பி விஷன் (காட்சிக்குக் காட்சி அளவு மாத்தற எச்டிஆர் வகை) கிடையாது, எச்டிஆர்10 (அடிப்படை எச்டிஆர்) மட்டும்தான். அட்டையில டால்பி விஷன்னு போட்ட டிஸ்க்லயும் அடியில எச்டிஆர்10 இருக்கும், அதனால தயங்காம வாங்கலாம். 3டி புளூ-ரே ஓடாது.

தத்தறது ஏன்னா, படம் செகண்டுக்கு 24 ஃபிரேம். டிஸ்க் போட்டா கன்சோல் 24 ஹெர்ட்ஸ்லயே அனுப்பும், ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே நேரம் நிக்கும். ஓடிடி ஆப் 60-ல போகுது. 24-ஐ 60-ல அடைக்கணும்னா ஒரு ஃபிரேமை மூணு தடவை, அடுத்ததை ரெண்டு தடவைன்னு மாத்தி மாத்திக் காட்டணும். அந்த ஏத்த இறக்கம்தான் கண்ணுல தத்தலாப் படுது. டிவியோட மோஷன் செட்டிங்ல சினிமாவுக்குன்னு தனி வசதி இருந்தா அதை மட்டும் போடுங்க. மத்த ஸ்மூத்னெஸ்ஸைக் கூட்டினா படம் சீரியல் மாதிரி ஆயிடும்.

உங்க நெட்டைப் பொறுத்தவரை கணக்கு நேரடியானது. 4கே-க்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கறதே 15 எம்பிபிஎஸ். 4கே டிஸ்க் 66 அல்லது 100 ஜிபி கொள்ளளவு, ஓடும்போது 100 எம்பிபிஎஸ் வரைக்கும் கூடத் தொடும். இருட்டுக் காட்சியில திட்டு இல்லாததுக்குக் காரணம் அதுதான்.


ஏஆர்சி_ஆறுமுகம்

ஆடியோ நான் சொல்றேன். ரெண்டு இடத்துல மாத்தணும், நிறைய பேர் ஒண்ணோட நிறுத்திடறாங்க.

முதல் இடம் செட்டிங்ஸ், சவுண்ட், ஆடியோ அவுட்புட். இங்க இருக்கற டால்பி அட்மாஸ் தேர்வு 2023 செப்டம்பர் அப்டேட்ல வந்தது. இது கேமுக்கும் பொதுவான சத்தத்துக்கும்தான்.

ரெண்டாவது, டிஸ்க் ஓடிட்டு இருக்கறப்பவே ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, வர்ற பட்டையில செட்டிங்ஸ் திறந்து, ஆடியோ ஃபார்மட்டை 'பிட்ஸ்ட்ரீம்'னு (ட்ராக்கைப் பிரிக்காம அப்படியே அனுப்பறது) வைக்கறது. லீனியர் பிசிஎம்ல இருந்தா ட்ராக்கைக் கன்சோலே பிரிச்சுடும். பிரிச்சதும் மேலே இருந்து வர்ற ஒலிகளோட இடக் குறிப்பு போயிடும், சவுண்ட்பாருக்கு வெறும் சேனல்கள்தான் கிடைக்கும். பிசிஎம்னு எழுத்து வர்றது அதனாலதான். பிட்ஸ்ட்ரீம் வச்சா மெனு கிளிக் சத்தமும் சில டிஸ்க்ல இயக்குநர் பேச்சும் கேட்காது. அது இயல்பு.

இதுக்கும் மேல உங்க வயரிங்ல ஒரு தடை இருக்கு. டிஸ்க்ல இருக்கற அட்மாஸ் ட்ரூஎச்டி-ல (தரம் குறையாத டால்பி ஒலி வகை) வருது. சாதா ஏஆர்சி-ல அது போகாது, அதோட மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேணும். டிவியில இஏஆர்சி இருந்தா மெனுவுல ஆன் பண்ணி, டிஜிட்டல் ஆடியோ அவுட்டை 'பாஸ் த்ரூ'ன்னு வைங்க. இல்லாட்டி சவுண்ட்பாருக்குப் பின்னால எச்டிஎம்ஐ இன் இருக்கான்னு பாருங்க. இருந்தா பிஎஸ்5-ஐ நேரா பாருக்குள்ள விட்டு, அங்கிருந்து டிவிக்கு எடுங்க. 4கே எச்டிஆர் கடத்தற பாரா இருந்தா படத்துக்கு இது போதும். 120 ஹெர்ட்ஸ் கேம் மட்டும் அடிபடலாம்.

ரெண்டும் இல்லைன்னா சவுண்ட் மெனுவுல டால்பியைத் தேர்ந்தெடுத்து 5.1-ஓட திருப்தியாகிடுங்க. ஏஆர்சி வழியா பிசிஎம் அனுப்பினா ஸ்டீரியோதான் வரும், அதை விட டால்பி மேல். டிடிஎஸ் (டால்பி மாதிரி இன்னொரு ஒலி வகை) மட்டும் இருக்கற டிஸ்க்ல சத்தமே வரலைன்னா டிவி டிடிஎஸ்ஸைக் கடத்தலைன்னு அர்த்தம். பிஎஸ்5-ல ஆப்டிக்கல் போர்ட்டும் கிடையாது, அந்தக் குறுக்கு வழியும் அடைச்சாச்சு.

கன்ட்ரோலர் அணையறது: செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் சேவிங். அணையற நேரத்தை 60 நிமிஷமாக்குங்க. அதே பக்கத்துல படம் ஓடறப்ப ரெஸ்ட் மோடுக்கு (முழுசா அணையாத தூக்க நிலை) போற நேரமும் தனியா இருக்கு. அடிக்கடி படம் பார்க்கற வீட்டுக்கு மீடியா ரிமோட் நல்லது.


குன்னூர்_கேசட்கடை

விசிடி ஓடாது, எந்த அப்டேட்டும் அதைக் கொண்டு வராது. சிடி, விசிடி ரெண்டையும் படிக்க 780 நானோமீட்டர் லேசர் வேணும். டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405. பிஎஸ்5 டிரைவ் டிவிடி, புளூ-ரே, அல்ட்ரா எச்டி (4கே) மூணோட நிறுத்திக்குது, பாட்டு சிடி கூட எடுக்காது. நம்ம ஊர்ல அலமாரி நிறைய விசிடி வச்சிருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான், கடையில யாரும் சொல்றதில்லை.

விசிடியைக் காப்பாத்தற வழி: கம்ப்யூட்டர்ல போட்டா எம்பெக்ஏவி-ன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள '.dat'-னு முடியற பெரிய ஃபைல். விஎல்சி-ல (இலவச வீடியோ பிளேயர்) நேரா ஓடும். ஹேண்ட்பிரேக்ல (வீடியோ வகையை மாத்தற மென்பொருள்) போட்டு எம்பி4 ஆக்கி பென்டிரைவ்ல ஏத்தி, டிவியோட யூஎஸ்பி-லயே செருகிடுங்க. 352-க்கு 288 புள்ளிதான் மொத்தமே, 55 இஞ்ச்ல எப்படியும் மங்கலாத்தான் இருக்கும். மாத்தறப்ப அளவைப் பெருசாக்கி ஃபைலை வீங்க வைக்காதீங்க.

காப்பி பண்றப்ப நடுவுல நின்னா டிஸ்க் செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட வேண்டாம். டேட்டா சிடியில ஒரு செக்டாருக்கு (தகவல் வைக்கற சின்னத் துண்டு) 2048 பைட், மிச்சம் பிழை திருத்தறதுக்கு. விசிடியில 2324 பைட் வீடியோவுக்கே கொடுத்துட்டாங்க. அதனால சின்னக் கீறலுக்கே கம்ப்யூட்டர் காப்பியை நிறுத்திடும். விஎல்சி-ல 'கன்வெர்ட்'டுக்குப் போய் டிஸ்க்கையே மூலமாக் கொடுத்தா, கெட்ட இடத்துல கொஞ்சம் சிதறினாலும் தாண்டிப் போக வாய்ப்பு உண்டு.

டிவிடி ரீஜன் (எந்த ஊர் பிளேயர்ல ஓடும்ங்கற பூட்டு): இந்தியா 5, புளூ-ரேக்கு சி. மலேசியாவுல இருந்து வர்ற டிவிடி 3-னு பூட்டியிருந்தா இங்க வாங்கின கன்சோல்ல ஓடாது. 0 அல்லது 'ஆல்'னு இருந்தா கவலை இல்லை. சிங்கப்பூர்ல இருந்து யாராவது கன்சோலையே வாங்கிட்டு வந்தா கணக்கு தலைகீழ், அது டிவிடி 3, புளூ-ரே ஏ. கேமுக்கும் 4கே டிஸ்க்குக்கும் பூட்டு கிடையாது.

இந்த ஈரத்துல டிஸ்க்ல பூஞ்சை படியும், வெள்ளையா சிலந்தி வலை மாதிரி. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவற திரவம் ஒரு சொட்டு விட்டு, மைக்ரோஃபைபர் துணியால நடுவுல இருந்து விளிம்புக்கு நேர்கோடாத் துடைங்க. வட்டமா சுத்தித் துடைச்சா விழற கீறல் தடத்தோட போக்குலயே விழும், தொடர்ந்து பல செக்டார் போயிடும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீங்க. சிடி, விசிடியில தகவல் இருக்கறது லேபிளுக்கு ஒட்டி அடியில, மேல் பக்கத்தைச் சுரண்டினாலும் போச்சு. புளூ-ரேல படிக்கற பக்கத்துல இருந்து 0.1 மில்லிமீட்டர்தான் ஆழம், கெட்டிப் பூச்சு இருக்கறதால தாங்குது.


பாக்ஸ்_ஆளு

பென்டிரைவ் படம்தான் முக்கியம்னா மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் பார்த்திருக்கணும். அதுக்கு விஎல்சி இருக்கு, கோடி-ன்னு (Kodi) இன்னொரு பிளேயர் இருக்கு. பிஎஸ்5-ல விஎல்சி இல்லை. டால்பி விஷனும் எக்ஸ்பாக்ஸ்ல உண்டு.


தொட்டபெட்டா_2637

பாக்ஸ்_ஆளு, பாதி சரி. எக்ஸ்பாக்ஸ்ல டால்பி விஷன் ஓடிடி-க்கும் கேமுக்கும்தான். 4கே டிஸ்க் போட்டா அதுவும் எச்டிஆர்10-தான் காட்டும். புளூ-ரே ஆப்பையும் ஸ்டோர்ல இருந்து முதல்ல இறக்கணும். ஃபைல் விஷயத்துல மட்டும் நீங்க சொல்றது நியாயம்.

பிஎஸ்5 வச்சிருக்கறவங்களுக்கு ஃபைல் பார்க்க வழி பிளெக்ஸ் (கம்ப்யூட்டர்ல இருக்கற படத்தை வீட்டு நெட்வொர்க் வழியா காட்டற மென்பொருள்). கம்ப்யூட்டர்ல பிளெக்ஸ் சர்வர், கன்சோல்ல பிளெக்ஸ் ஆப். ரெண்டும் ஒரே ரவுட்டர்ல இருந்தா படம் வீட்டுக்குள்ளயே சுத்தும், வெளி நெட் வேகம் குறுக்கே வராது. ஆனா ஒரு பென்டிரைவுக்காக இவ்வளவு ஏற்பாடு வேண்டாம், டிவி யூஎஸ்பி-யே போதும்.


வெலிங்டன்_வயர்மேன்

கரண்ட், குளிர் ரெண்டும் என் பக்கம்.

ஸ்டெபிலைசர் இதுக்குத் தேவையில்லை. உள்ள இருக்கறது எஸ்எம்பிஎஸ்-ங்கற பவர் சப்ளை, லேபிள்ல போட்ட வரம்புக்குள்ள வோல்டேஜ் மெல்ல ஏறி இறங்கறதைத் தானே சமாளிக்கும். கெடுக்கறது ரெண்டு: திடீர்னு போறது, திரும்பி வர்றப்ப வர்ற எகிறல். காத்து மழையில மரம் விழுந்து லைன் போற ஊர்ல ரெஸ்ட் மோடை மறந்துடுங்க. அதுல இருக்கறப்ப கரண்ட் போனா அடுத்த தடவை 'சரியாக அணைக்கவில்லை'ன்னு சொல்லி ஸ்டோரேஜைச் சோதிக்கும். யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் போட்டிருந்தா அதுக்கும் சேர்த்து. முழுசா ஷட்டவுன் பண்ணுங்க.

கேம் ஓடும்போது கன்சோல் சுமார் 200 வாட் இழுக்கும், படத்துக்கு அதுல பாதி கூட வராது. டிவியோட சேர்த்து 1 கேவிஏ, 600 வாட் யூபிஎஸ் இருந்தா அணைக்க நிதானமா நேரம் கிடைக்கும். 600 விஏ-ன்னு போட்டதுல பெரும்பாலும் 360 வாட்தான் வரும், டிவியும் கேமும் சேர்ந்தா மூச்சுத் திணறும். வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டறதுன்னா ப்யூர் சைன் வேவ் ஆகணும், பின்னால இருக்கற சுவிட்சை யூபிஎஸ் மோடுல வைங்க. இன்னொரு மோடுல மாறற நேரம் அதிகம், கன்சோல் அணைஞ்சுதான் வரும்.

இடி மழைக்கு யூபிஎஸ்-ஐ நம்பாதீங்க. கூரையில இருக்கற டிஷ் கேபிள் வழியா செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து எச்டிஎம்ஐ-ல டிவி, டிவியில இருந்து எச்டிஎம்ஐ-ல கன்சோல். இந்தப் பாதையில வந்தா பவர் பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் எச்டிஎம்ஐ சிப் போகும். சித்திரை, வைகாசி மாலை இடிக்கு டிஷ் கேபிளையும் கன்சோலோட எச்டிஎம்ஐ-யையும் சேர்த்தே கழட்டுங்க. லேன் வயர் போட்டிருந்தா அதையும்.

காலையில படிக்காதது பழுது மாதிரி தெரியலை, லென்ஸ்ல பனி. கன்சோல் இயங்க வேண்டிய வெப்பம் 5 முதல் 35 டிகிரி வரை. உறைபனி மாசத்துல ஊட்டிப் பக்கம் மூடின அறையே 5-ஐ நெருங்கும். ஆனா குளிர் மட்டும் காரணம் இல்லை. ராத்திரி பூரா குளிர்ந்த சாமான் இருக்கற அறையில ஹீட்டர் போட்டு, பக்கத்துலயே தண்ணி கொதிக்க வச்சா, ஈரக் காத்து குளிர்ந்த லென்ஸ் மேல படியும். கண்ணாடி போட்டவங்க டீ குடிக்கறப்ப ஆகறதேதான். அறை சூடானதும் உடனே கன்சோலைப் போடாதீங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரம் விட்டுப் போடுங்க. லென்ஸ் கிளீனர் டிஸ்க் போட வேண்டாம், அதோட பிரஷ் லென்ஸை உரசும்.

புதுசா கூரியர்ல ராத்திரி வண்டியில வந்த பெட்டிக்கும் இதே கதை. அறைக்குள்ள வச்சு, பிரிக்காம சில மணி நேரம் விடுங்க. பெட்டிக்குள்ள இருக்கற காத்தும் சாமானும் சேர்ந்தே சூடாகும், வெளி ஈரம் உள்ள போகாது.


மூடுபனி_கோத்தகிரி

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வச்சா ஈரம் தடுக்குமா? இந்த உயரத்துல காத்து லேசு, ஃபேன் திணறும்னு ஒருத்தர் சொன்னார், உண்மையா? டிஜிட்டல் எடிஷன் (டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல்) வாங்கின பக்கத்து வீட்டுக்காரர் டிரைவ் தனியா வாங்கலாமான்னும் கேட்கறார்.


வெலிங்டன்_வயர்மேன்

கவர் வேண்டாம். சூடா இருக்கறப்ப மூடினா உள்ள வேர்க்கும். தூசிக்காகத்தான்னா பருத்தித் துணி, அதுவும் முழுசா ஆறினப்புறம். நாலு பக்கமும் 10 சென்டிமீட்டர் இடம் விட்டாப் போதும். சிலிக்கா ஜெல்லை டிஸ்க் அலமாரியில போடுங்க, கன்சோல் பக்கத்துல போட்டுப் பிரயோசனம் இல்லை.

காத்து லேசுங்கறது உண்மை. ஊட்டி 2,240 மீட்டர், அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விட சுமார் ஐந்துல ஒரு பங்கு குறைவு. கோத்தகிரி அதுக்குக் கீழ, உங்களுக்குக் குறைவும் கம்மி. அதே ஃபேன் சுத்துக்கு அந்த அளவு சூடு குறைவாத்தான் வெளிய போகும். ஆனா கீழே மேட்டுப்பாளையத்துல 35 டிகிரி அறையில ஓடற பெட்டி இங்க 18-ல ஓடுது. லாபம் நமக்குத்தான்.


தொட்டபெட்டா_2637

டிரைவ் தனியா வாங்கி மாட்டலாம், ஸ்லிம்மோட வசதியே அது. 2024 ஏப்ரல்ல இங்க வந்தப்ப டிஸ்க் மாடல் 54,990, டிஜிட்டல் 44,990 ரூபாய். டிரைவ் விலை அந்தப் பத்தாயிரத்துக்கு மேல போச்சுன்னா வருத்தப்படுவார், கேட்டுட்டு வாங்கச் சொல்லுங்க. மாட்டறது சுலபம், பக்கவாட்டு மூடியை எடுத்துட்டுச் செருகறதுதான். முதல் தடவை நெட் இணைப்புல பதிவு பண்ணணும், அந்தப் பதிவு முடியாம டிரைவ் வேலை செய்யாது. அதுக்குப் போன் ஹாட்ஸ்பாட்டே போதும்.

சிஸ்டம் அப்டேட் உங்க நெட்ல பாதியில நின்னா, டவுன்ல யாராவது கம்ப்யூட்டர்ல பிளேஸ்டேஷன் தளத்துல இருந்து இறக்கிக் கொண்டு வாங்க. பென்டிரைவை ஃபேட்32-ங்கற (FAT32) வகையில ஃபார்மட் பண்ணி, ஆங்கிலப் பெரிய எழுத்துல பிஎஸ்5-னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள அப்டேட்-னு ஒண்ணு, அதுக்குள்ள அந்த ஃபைல். ஏற்கெனவே ஒரு தடவை இறக்கியிருந்தா பிரவுசர் அந்த ஃபைல் பெயருக்குப் பின்னால 1-னு ஒண்ணைச் சேர்த்துடும், அதை எடுத்துடணும். இல்லாட்டி ஃபைலே இல்லைன்னு கன்சோல் சாதிக்கும். முழுசா அணைச்சு, ரெண்டாவது பீப் வரைக்கும், சுமார் 7 செகண்ட், பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சா சேஃப் மோடு (பழுது பார்க்கற மெனு) வரும். கன்ட்ரோலரைக் கேபிள்ல மாட்டி பிஎஸ் பட்டனை அழுத்திட்டு, அந்த மெனுவுல மூணாவது தேர்வு, அதான் அப்டேட்.

ஸ்லிம்மை நிறுத்தி வைக்கற ஸ்டாண்டு தனி விலை. படுக்க வைக்க ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் கால் பெட்டியிலேயே இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுட்டு வெறுமனே வச்சா மட்டம் தவறி டிஸ்க் சுத்தறப்ப அதிரும். படுத்திருந்தா டிஸ்க் லேபிள் மேல் பக்கம், நின்னா இடது பக்கம்.


மூடுபனி_கோத்தகிரி

எச்டிஆர் மாத்தினதும் டிவிடி நிறம் நேராயிடுச்சு. பாருக்குப் பின்னால எச்டிஎம்ஐ இன் இருந்தது, அதுல விட்டுப் பிட்ஸ்ட்ரீம் வச்சதும் அட்மாஸ்னு எழுத்து வந்துடுச்சு. விசிடிக்கு மட்டும், லேப்டாப்ல டிரைவ் இல்லை. யூஎஸ்பி-ல வர்ற டிவிடி ரைட்டர் போதுமா?


குன்னூர்_கேசட்கடை

தாராளமா. டிவிடி ரைட்டர் எல்லாமே சிடியும் படிக்கும். மின்சாரம் பத்தாம டிரைவ் டிக் டிக்குனு அடிச்சுக்கிட்டா கேபிளை ஹப்ல மாட்டாம லேப்டாப்ல நேரா மாட்டுங்க. அதைப் பிஎஸ்5-ல செருகிப் பார்க்காதீங்க, கண்டுக்காது.